வாசிக்கிறார்கள், விடை எழுதுகிறார்கள், பேசத்தான் மாட்டேன் என்கிறார்கள்

கேள்வி:

பல வருடங்களாக ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். இப்போது என்னிடம் படிப்பவர்களுக்கு 14, 15 வயது. வகுப்பில் 38 பேர். யார் வீட்டிலும் ஆங்கிலம் பேசுவதில்லை. பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறார்கள், கீழே உள்ள கேள்விகளுக்குச் சரியாகவே விடை எழுதுகிறார்கள். ஆனால் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் வகுப்பே வாயடைத்துப் போகிறது. மிஞ்சிப்போனால் "தி ஸ்டோரி இஸ் வெரி குட், மிஸ்" என்று ஒரு குரல் வரும். சரளமாகப் பேசும் இரண்டு மூன்று பேர்கூட "ஏன்?" என்றால் விழிக்கிறார்கள். வாசிப்பை வைத்தே சிந்தனையையும் பேச்சையும் வளர்க்கலாம் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். எப்படி என்று யாரும் செய்து காட்டவில்லை. எந்த மாதிரிப் புத்தகம் கொடுப்பது? தாய்மொழியில் பேச விடலாமா? பிழையோடு பேசுவதைத் திருத்தாமல் விட்டால் அதுவே பழகிவிடாதா? பாடத்திட்டத்தையும் முடித்தாக வேண்டுமே?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

"புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை மாற்றுங்கள். மூட வேண்டாம், புத்தகம் திறந்தே இருக்கட்டும்.

மூடிய புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் "என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால், படித்ததை அவர் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும், அதைப் பற்றி ஒரு கருத்துக்கு வர வேண்டும், அந்தக் கருத்தை இரண்டாவது மொழியில் கோத்துச் சொல்லவும் வேண்டும். எல்லாம் ஒரே மூச்சில், 37 பேர் பார்த்துக்கொண்டிருக்க. தாய்மொழியிலேயே இது எல்லாருக்கும் கைவராது. "தி ஸ்டோரி இஸ் வெரி குட்" என்பது அந்த நெருக்கடியிலிருந்து தப்பிக்கப் பிள்ளைகள் கண்டுபிடித்த வாக்கியம். சோம்பலில் வருவதல்ல அது, பயத்தில் வருவது.

உங்கள் மாணவர்களுக்குச் சிந்திக்கத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலம் போதவில்லை என்றும் நினைக்கவில்லை. இதுவரை அவர்களிடம் கேட்கப்பட்டவை எல்லாம் ஒரே ஒரு விடை உள்ள கேள்விகள். அந்த விடையும் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும். அப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போது பேச என்ன இருக்கிறது? ஒப்பிப்பதுதான் இருக்கிறது. பல வருடம் ஒப்பித்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் "உன் கருத்து என்ன?" என்றால், இதற்கும் ஆசிரியை மனதில் ஒரு சரியான விடை இருக்கும், அது நமக்குத் தெரியவில்லை என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அமைதியாக இருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

பெரும்பாலான வகுப்புகளில் கடினமான பாடம், எளிதான கேள்வி என்பதே வழக்கம். இதைத் திருப்பிப் போடுங்கள். பாடம் எளிதாக இருக்கட்டும், கேள்வி கடினமாக இருக்கட்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகள்தான்.

பாடம் எவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓரளவு நம்பகமான கணக்கு இருக்கிறது. 2000-இல் ஹூ, பால் நேஷன் என்ற இரண்டு மொழி ஆய்வாளர்கள் ஒரு கதையை வெவ்வேறு அளவு தெரியாத சொற்களோடு மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு எண்பது சொற்கள் தெரிந்த நிலையில் வாசித்தவர்களில் ஒருவருக்குக்கூடப் போதிய அளவு புரியவில்லை. யார் துணையும் இல்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதாவது நூறு சொற்களில் இரண்டுக்கு மேல் தெரியாத சொல் இருக்கக் கூடாது. இது வெறும் புரிதலுக்கு. புரிந்ததை வைத்து விவாதிக்கவும் வேண்டும் என்றால் இன்னும் எளிதாக இருப்பதே நல்லது. சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கும் மூளைக்கு "இந்த ஆள் ஏன் பொய் சொன்னான்?" என்று யோசிக்க இடம் இருக்காது. 15 வயதுப் பிள்ளைக்கு நான்கு வருடம் கீழே உள்ள பாடத்தைக் கொடுத்தால் அவமானமாக நினைப்பார்களே என்று நீங்கள் கவலைப்படலாம். சொற்கள் எளிதாக இருந்தாலும் விஷயம் குழந்தைத்தனமாக இல்லாவிட்டால் யாரும் அப்படி நினைப்பதில்லை.

நான் பயிற்சிகளில் பயன்படுத்தும் ஒரு குட்டிக் கதையைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஆறே வாக்கியம், எல்லாம் நிகழ்காலத்தில். ஒரு முதியவர் தினமும் பூங்காவில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார். ஒரு நாள் அவர் வரும்போது ஓர் இளம்பெண் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். "இது என் இடம்" என்கிறார் அவர். "இல்லை, இது என் இடம்" என்கிறாள் அவள். முதியவர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் பெஞ்ச் காலியாக இருக்கிறது. அவ்வளவுதான். கடினமான சொல் என்று சொன்னால் 'எம்ப்டி' ஒன்றுதான், அதைக் கரும்பலகையில் எழுதிவிடலாம்.

இதற்கு வழக்கமான கேள்விகளைப் போட்டால் எப்படி இருக்கும்? முதியவர் எங்கே உட்காருகிறார்? பெண் என்ன சொன்னாள்? மறுநாள் பெஞ்ச் எப்படி இருந்தது? மூன்றுக்கும் விடை அப்படியே வரியில் இருக்கிறது. டாஃபி ரஃபேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1980-களில் வாசிப்புக் கேள்விகளை நான்காகப் பிரித்தார். விடை ஒரே இடத்தில் அப்படியே இருப்பது ஒன்று. பாடத்தில் பல இடங்களில் தேடிச் சேர்க்க வேண்டியது இரண்டாவது. பாடம் தரும் குறிப்பையும் நமக்குத் தெரிந்ததையும் சேர்த்து ஊகிக்க வேண்டியது மூன்றாவது. பாடம் இல்லாமலே நம் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது நான்காவது. பயிற்சிப் பக்கங்களில் முதல் வகைதான் குவிந்து கிடக்கும். கருத்துக் கேட்க நினைக்கும் ஆசிரியர்கள் முதலாவதிலிருந்து நேரே நான்காவதுக்குத் தாவிவிடுகிறார்கள். "நீ அந்த முதியவராக இருந்தால் என்ன செய்வாய்?" என்பது நான்காவது. அதற்குக் கதையைப் படிக்காமலே பதில் சொல்லிவிடலாம். சிந்தனை சூடுபிடிக்கும் இடம் மூன்றாவது வகை. நீங்கள் பெரும்பாலும் அங்கேயே நில்லுங்கள்.

பெஞ்ச் கதைக்கு நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: பெஞ்ச் ஏன் காலியாக இருந்தது?

பெரும்பாலும் முதலில் வரும் பதில் "ஹி டைட்" என்பதுதான். முதியவர் என்றால் செத்துப்போவார் என்பது பிள்ளைகளின் கணக்கு. நான் சரி என்றும் சொல்ல மாட்டேன், தவறு என்றும் சொல்ல மாட்டேன். "ஷோ மீ தி லைன்" என்பேன். எந்த வரி அப்படிச் சொல்கிறது? புத்தகம் திறந்திருக்க வேண்டும் என்றது இதற்காகத்தான். ஆள் ஆளுக்கு வரியைத் தேடுவார்கள். ஒரு முறை அந்த நேரத்தில் ஒரு மாணவி சொன்னாள்: "எம்ப்டி மீன்ஸ் கேர்ள் ஆல்சோ நாட் கம்." இலக்கணத்தைப் பார்த்தால் அந்த வாக்கியத்தில் தேறுவது எதுவும் இல்லை. சிந்தனையைப் பார்த்தால் வகுப்பிலேயே மிகக் கூர்மையான வாக்கியம் அது. காலியாக இருந்தது என்றால் முதியவர் வராதது மட்டுமல்ல, அந்தப் பெண்ணும் வரவில்லை. அப்படியானால் "இது என் இடம்" என்று அவள் சொன்னது என்ன ஆயிற்று? இடம் பிடிக்க வந்தவள் என்றால் மறுநாளும் வந்திருப்பாளே? ஒரே வாக்கியம், "ஹி டைட்" ஆட்டம் கண்டுவிட்டது. ஒருவன், அவள் வெட்கப்பட்டு வரவில்லை என்றான். இன்னொருவன், இரண்டு பேரும் மற்றவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றான். அவர் சிரித்தார் என்ற சொல்லைக் காட்டி, கோபப்பட்டவர் சிரிப்பாரா என்று கேட்டான். ஏளனமாகவும் சிரிக்கலாமே என்றது பின் வரிசை. அதன் பிறகு நான் பேசவே வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதிரி நடக்கும்போது நம் கைகள் பரபரக்கும், அந்த மாணவியின் வாக்கியத்தைத் திருத்த. தயவுசெய்து அப்போது திருத்தாதீர்கள். நான் செய்தது இவ்வளவுதான்: "ஆ, தி கேர்ள் டிட்ன்ட் கம் ஈதர். சோ வாட் டஸ் தட் டெல் அஸ்?" அவள் சொன்னதையே சரியான வடிவில் திருப்பிச் சொல்லி, பேச்சைத் தொடரவிட்டேன். கருத்துக்கு மதிப்புக் கிடைத்தது, காதில் சரியான வாக்கியமும் விழுந்தது. ஆனால் இது மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். கனடாவில் பிரெஞ்சு வழிக் கல்வி வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்த லிஸ்டர், ரன்டா இருவரும் 1997-இல் எழுதியது இதுதான்: ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்துவது இப்படித் திருப்பிச் சொல்லும் முறை, ஆனால் மாணவர்கள் தங்கள் பிழையைக் கவனித்துத் தாங்களே மாற்றிக்கொள்வது இந்த முறையில்தான் மிகக் குறைவு. ஆகவே விவாதம் நடக்கும்போது காதில் விழும் பிழைகளில் நான்கைந்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில், யார் சொன்னது என்று காட்டாமல் கரும்பலகையில் எழுதி, "இவற்றை எப்படிச் சரி செய்யலாம்?" என்று கேளுங்கள். தாங்கள் சொல்ல விரும்பிய வாக்கியம் என்பதால் கவனம் வேறு மாதிரி இருக்கும். பிழை பழகிவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். திருத்தவே திருத்தாமல் விட்டால் பழகிவிடும். எப்போது திருத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமைதி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? மேரி பட் ரோ என்பவர் 1970-களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறொருவரைக் கேட்டார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். இதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, காரணத்தோடு வந்தன, பதிலே சொல்லாதவர்கள் குறைந்தார்கள். அது தாய்மொழியில் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலாக இருந்த வகுப்பு. இரண்டாவது மொழியில் யோசிப்பவர்களுக்கு மூன்று நொடி எந்த மூலைக்கு? பத்து நொடி காத்திருங்கள். முதல் வாரம் அந்தப் பத்து நொடி உங்களுக்கு மிகவும் சங்கடமாக இருக்கும், யாராவது வந்து பார்த்தால் வகுப்பு நடக்கவில்லை என்று நினைப்பார்களோ என்றுகூடத் தோன்றும். பழகிப்போகும்.

அதைவிடச் சிறந்தது, நேரே வகுப்பு முழுவதையும் பார்த்துக் கேட்காமல் இருப்பது. கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, ஆளுக்கு ஒரு வரியோ இரண்டு வார்த்தையோ எழுதிக்கொள்ளட்டும். அடுத்து இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் பேசட்டும். அதற்குப் பிறகுதான் வகுப்புக்கு. ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1981-இல் இந்த முறையை எழுதினார். இன்று உலகம் முழுக்க எல்லாப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்கிறது, ஆனால் முதல் படியான அந்த ஒரு நிமிட மௌனத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நேரம் இல்லை என்று நேரே ஜோடிப் பேச்சுக்குப் போனால், ஜோடியில் கெட்டிக்காரர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார்.

தாய்மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த ஜோடிப் பேச்சில் தாய்மொழியைத் தாராளமாக விடுங்கள். யோசனை எந்த மொழியில் வேகமாக ஓடுகிறதோ அந்த மொழியில் ஓடட்டும். கருத்து ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்ற ஒரே வேலைதான் மிச்சம். ஆனால் வகுப்புக்கு முன் பேசும்போது ஆங்கிலம்தான் என்பதில் தளர வேண்டாம். அதிலும் ஒரு நடுப்படி வைக்கலாம்: ஜோடியாகத் தாய்மொழியில் பேசி முடித்ததும், "இப்போது இதையே இரண்டு ஆங்கில வாக்கியமாக மாற்றுங்கள்" என்று இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள். சொல் தெரியாவிட்டால் உங்களிடம் கேட்கட்டும். அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் கேட்கும் சொற்கள் பாடப்புத்தகம் கொடுக்கும் அருஞ்சொல் பட்டியலைவிட நெஞ்சில் நிற்கும், ஏனென்றால் தேவைப்பட்டுக் கேட்டவை.

சரளமாகப் பேசும் அந்த இரண்டு மூன்று பேர் "ஏன்?" என்றால் விழிப்பது உங்களுக்கு வியப்பாக இருந்திருக்கிறது. எனக்கு இல்லை. ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்து 1980-களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டினார். அன்றாடப் பேச்சு ஆங்கிலம் அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிட்டது. காரணம் சொல்லவும் ஒப்பிடவும் வாதிடவும் தேவையான படிப்பு மொழி தங்கள் வயது ஒத்தவர்கள் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆனது. இரண்டும் ஒரே மொழிதான், ஆனால் ஒன்று வந்தால் மற்றது தானாக வராது. காரணம் சொல்லும் மொழியைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெரிய பட்டியல் வேண்டாம். சில தொடக்கங்கள் போதும்: "ஐ திங்க் சோ பிகாஸ்...", "தி டெக்ஸ்ட் சேஸ்...", "ஐ அக்ரீ, பட்...", "மேபி... ஆர் மேபி...", "ஐ சேஞ்ட் மை மைண்ட் பிகாஸ்..." இவற்றைச் சுவரில் ஒட்டி வையுங்கள். பேசும்போது பார்த்துக்கொள்ளட்டும். கடைசி வாக்கியத்தை மறந்துவிட வேண்டாம். கருத்தை மாற்றிக்கொண்டவரை நான் வகுப்பில் வெளிப்படையாகப் பாராட்டுவேன். பிடித்த பிடியிலேயே நிற்பதுதான் விவாதம் என்று பிள்ளைகள் தொலைக்காட்சியைப் பார்த்துக் கற்றுவைத்திருக்கிறார்கள். எதிராளி காட்டிய வரியைப் பார்த்துவிட்டு "ஆமாம், நீ சொல்வது சரிதான்" என்று மாறுவதற்குத் தைரியம் வேண்டும், அந்தத் தைரியத்தைப் பார்த்ததாக நாம் சொல்லவும் வேண்டும்.

பேச்சு சரளமாவதற்குத் திரும்பச் சொல்வதைப் போல உதவுவது வேறில்லை. ஒரு தடவை தட்டுத்தடுமாறிச் சொன்ன கருத்தை அத்தோடு விட்டுவிடக் கூடாது. பால் நேஷன் எழுதிப் பரவலான முறை ஒன்று இருக்கிறது. ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும், பிறகு வேறொருவரிடம் மூன்று நிமிடத்தில், மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடத்தில். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் சொல்பவருக்கு அலுக்காது. நேரம் குறைவதால் தயக்கங்கள் உதிரும். உங்கள் மாணவர்களுக்கு நான்கு நிமிடம் அதிகம். ஒன்றரை நிமிடம், ஒரு நிமிடம், நாற்பது நொடி என்று குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்தி, ஒரு வரிசையை மட்டும் ஓர் இடம் நகர்த்தினால் புது ஆள் கிடைத்துவிடுவார். 38 பேரில் 19 பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இரைச்சலாக இருக்கும், இருக்கட்டும். ஒருவர் பேச 37 பேர் கேட்கும் வகுப்பில், ஒரு பீரியடில் ஒரு மாணவருக்குப் பேசக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் சற்று மேல், அதுவும் நீங்கள் வாயே திறக்காமல் இருந்தால்.

இதே காரணத்தால் ஆளுக்கொரு பத்தியாகச் சத்தமாக வாசிக்க வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தன் பத்தி எது என்று எண்ணி அதையே மனதுக்குள் ஒத்திகை பார்க்கும் பிள்ளைக்கு முந்தைய பத்தி காதில் ஏறாது, தன் முறை முடிந்தபின் அடுத்ததும் ஏறாது. உச்சரிப்புக்காகச் சத்தமாக வாசிப்பது வேண்டும் என்றால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். புரிந்துகொள்ள வாசிக்கும்போது மௌனமாக வாசிக்கட்டும், இரண்டு தடவை.

கதை மட்டும் போதாது. செய்தி, விளம்பரம், கருத்துக் கட்டுரை எல்லாம் வேண்டும். அதற்கும் நீளமான பாடம் தேவையில்லை. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தலைப்புகள் எழுதிப் போடுங்கள். ஒன்று: "வேலைநிறுத்தத்தால் பயணிகள் தவிப்பு." மற்றொன்று: "ஊதிய உயர்வு கேட்டு ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம்." இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். முதலாவதில் யார் கண்ணில் படுகிறார்கள்? யார் காணாமல் போனார்கள்? இரண்டாவதைப் படித்தவர் யார் பக்கம் சாய்வார்? எளிய ஆங்கிலத்தில் எழுதினால் எட்டுப் பத்துச் சொற்கள், பேச்சு ஒரு பீரியட் ஓடும். எழுதியவர் ஒரு மனிதர், அவர் எதையோ சேர்த்திருக்கிறார், எதையோ விட்டிருக்கிறார் என்பது பிள்ளைகளுக்கு உறைத்துவிட்டால், அதன் பிறகு எதைப் படித்தாலும் அந்தக் கேள்வி கூடவே வரும். அச்சில் இருப்பதால் உண்மை என்று நம்பிவந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

எந்தப் புத்தகம் என்று பெயர் கேட்டால் நான் சொல்ல மாட்டேன், உங்கள் பிள்ளைகளை நீங்கள்தான் அறிவீர்கள். மொழி கற்பவர்களுக்கென்றே சொற்களை அளந்து, படிப்படியாக எழுதப்பட்ட நூல் வரிசைகள் பல பதிப்பகங்களில் இருக்கின்றன. அவற்றில் உங்கள் மாணவர் நிலைக்கு ஒரு படி கீழே உள்ளதை எடுங்கள். ஒரே முடிவு மட்டும் சாத்தியம் என்பது போலவோ, நீதி சொல்லி முடிவது போலவோ இருப்பவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நீதியை ஆசிரியரே எழுதிவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம்? அப்படிப்பட்ட கதைதான் கிடைத்தது என்றால், கடைசி வரியை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

இதோடு ஒரு வேண்டுகோள். வகுப்பில் விவாதிக்க வாசிப்பது வேறு, பிள்ளைகள் தாங்களாக விரும்பி வாசிப்பது வேறு. இரண்டாவது வகை வாசிப்பின் மீது கேள்வித்தாளை ஏற்றிவிடாதீர்கள். சுருக்கம் எழுது, ஐந்து புதுச் சொல் எழுது என்று எதுவும் வேண்டாம். ரிச்சர்ட் டே, ஜூலியன் பாம்ஃபோர்டு என்ற கல்வியாளர்கள் பரந்த வாசிப்புக்கு, அதாவது எளிய புத்தகங்களை விரும்பி நிறைய வாசிப்பதற்கு, வகுத்த கொள்கைகளில் ஒன்று, வாசிப்புக்கு வாசிப்பே பரிசு என்பது. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடும் உரிமையும் இருக்க வேண்டும். விவாதத்துக்குத் தேவையான சொற்களும் வாக்கிய வடிவங்களும் அந்த வாசிப்பிலிருந்துதான் சத்தமில்லாமல் வந்து சேர்கின்றன. அதைக் கெடுத்துவிட்டால் விவாதத்துக்கு விறகு இருக்காது.

வீட்டுப்பாடமாகக் கருத்தெழுதச் சொன்னால் போனில் கேட்டு எழுதி வந்துவிடுகிறார்கள் என்று பல ஆசிரியர்கள் என்னிடம் வருந்துகிறார்கள், உங்களிடமும் நடக்கலாம். கருத்தை வீட்டில் எழுத வைக்காமல் வகுப்பில் பேச வைத்தால் அதில் பாதி தீர்ந்துவிடும். எங்கிருந்தோ எடுத்த கருத்தாகவே இருந்தாலும், "எந்த வரி?" என்று கேட்கும்போது அவர் பாடத்துக்குள் வந்தே ஆக வேண்டும்.

பாடத்திட்டம் முடிய வேண்டுமே என்றீர்கள். எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பீரியட் எடுங்கள். பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு பாடத்தின் பத்து வரிகளே போதும், முழுப் பாடமும் வேண்டாம். அதில் முதல் வகைக் கேள்விகளை மாணவர்களே ஜோடியாக முடித்துக்கொள்ளட்டும், உங்கள் நேரத்தை அதில் செலவிட வேண்டாம். மிச்சமாகும் நேரம் மூன்றாவது வகைக் கேள்வி ஒன்றுக்கு. மதிப்பெண் போட வேண்டியிருந்தால் உச்சரிப்பையும் வேகத்தையும் விட்டுவிட்டு மூன்றைக் கவனியுங்கள்: காரணம் சொன்னாரா, பாடத்திலிருந்து வரி காட்டினாரா, முன்னால் பேசியவர் சொன்னதைக் காதில் வாங்கிப் பதில் சொன்னாரா. மூன்றாவதுதான் கடைசியாக வரும். தொடக்கத்தில் எல்லாரும் ஆசிரியையைப் பார்த்தே பேசுவார்கள். ஒருவர் பேசி முடித்ததும் நீங்கள் எதுவும் சொல்லாமல் இன்னொருவரைப் பார்த்து "டு யூ அக்ரீ?" என்று மட்டும் கேளுங்கள். சில வாரத்தில் அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள்.

எல்லாம் செய்தும் வாயே திறக்காத இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களை எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்: கதையைப் படித்துவிட்டு, விடை தங்களுக்கே தெரியாத ஒரு கேள்வியை ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதித் தரட்டும். பெயர் போட வேண்டாம். அடுத்த வார வகுப்பை அந்தக் கேள்வியில் தொடங்குங்கள். தன் கேள்விக்கு முப்பது பேர் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதிக நாள் சும்மா இருப்பதில்லை. யாராவது தன் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லும்போது, "நோ, நோ, ஐ மீன்..." என்று எழுந்துவிடும். அன்றைக்கு இலக்கணத்தைப் பார்க்காதீர்கள், பேசி முடிக்க விடுங்கள்.